தட்டில் வைத்த தோட்டா

முனியம்மாளுக்கு வலது காலில் இரண்டு விரல்கள் கிடையாது. அதற்குக் காரணம் நான். இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுதக் கை ஓடும்.

1991ஆம் வருஷம். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டில் ஒரு பித்தளை வார்ப்படக் கம்பெனி. குழாய்க்கு வால்வு வார்ப்போம். நான் அங்கே உலைக்கு ஹெல்ப்பர். கோதண்டம் என்று பெயர். அப்போது நாற்பத்தொரு வயது. பதினோரு வருஷமாக அந்த உலைச் சூட்டில் நின்று என் முகமே செம்புப் பானை மாதிரி ஆகியிருந்தது. கம்பெனியில் இரண்டு தடவை பித்தளைக் கட்டிகள் திருட்டுப் போனதும், முதலாளி துப்பாக்கியோடு ஒரு காவல்காரரை வைத்தார். அவர்தான் லூர்து அண்ணன். லூர்துராஜ். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். துப்பாக்கி அவருடைய சொந்தத் துப்பாக்கி. லைசென்ஸும் அவர் பேரில்தான். நடுவில் மடித்துத் திறக்கிற ஒற்றைக்குழல். அந்த வருஷத் தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்து, ஆடி மாதம்தான் திரும்ப வாங்கி வந்திருந்தார்.

அந்தத் துப்பாக்கியை அவர் பிடிக்கிற விதத்தை வேலை நடுவிலும் நான் பார்ப்பேன். குழல் எப்போதும் மண்ணைப் பார்த்திருக்கும். விரல் விசைக்கு வெளியே நீட்டி இருக்கும். ஷிப்டு முடிந்தால் மடித்துத் திறப்பார், தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தான் மாட்டுவார், அப்புறம் சுண்டு விரலைக் குழலுக்குள் விட்டுப் பார்ப்பார்.

"இன்னா அண்ணே, இப்பத்தான எடுத்தீங்க. உள்ள குட்டி போட்டுதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எடுத்தேன்னு எனக்குத் தெரியும். துப்பாக்கிக்குத் தெரியுமா?" என்றார். சிரிக்கவில்லை.

அவர் மனைவி கிரேசி டீச்சர். மாதா கோயில் கொட்டகையில் சாயந்திரம் ஆறு மணிக்கு எங்களை மாதிரி ஆட்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். நான் அந்த வருஷம் மாசியில் சேர்ந்தேன். பொங்குகிற உலைக்கு முன்னால் நடுங்காத என் கை, பலப்பம் பிடித்தால் நடுங்கும். "கோ" போடுவதற்கே நான்கு நாள் ஆனது. புரட்டாசிக்குள் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது. பஸ்ஸில் போர்டு படித்தேன். சோப்பு உறையைப் படித்தேன். பெயரை எழுதுவேன். டீச்சர் சொன்னார்: "இனிமே எங்கியும் கைநாட்டு வைக்காதீங்க. யாராவது மைப்பெட்டியத் தூக்கிகினு வந்தா பேனா குடுன்னு கேளுங்க."

ஆயுத பூஜைக்கு முதல் நாளே மெஷின்களைக் கழுவி, துடைத்து, பொட்டு வைத்தாயிற்று. பூஜை மேடை அலங்காரம் பதினோரு வருஷமாக என் பொறுப்பு. அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. எதை எங்கே வைக்க வேண்டும், எதை வைக்கக் கூடாது என்று என்னைத்தான் கேட்பார்கள். உடைந்தது, விரிசல் விட்டது மேடையேறக் கூடாது. காலியாகவும் எதையும் வைக்க மாட்டோம். எண்ணெய்க் கேனில் எண்ணெய் ஊற்றித்தான் வைப்போம். முதலாளியின் காருக்கு டேங்க் நிரப்பித்தான் மாலை போடுவோம். பித்தளை அள்ளுகிற கரண்டியில்கூட ஒரு துண்டு பித்தளையாவது கிடக்க வேண்டும். வெறும் பாத்திரத்தை வைத்துக் கும்பிட்டால் வருஷம் முழுக்க வெறுமையாகத்தான் போகும் என்பது எங்கள் நினைப்பு.

பூஜை அன்று காலையில் சூப்பர்வைசர் தாண்டவராயன் துப்பாக்கிப் பேச்சை எடுத்தார்.

"இன்னா லூர்து, பேரே ஆயுத பூஜ. இந்தக் கம்பெனில ஆயுதம்னு சொல்றதுக்கு உன்னாண்டதான் ஒண்ணு கீது. அத்த வுட்டுட்டு ஸ்பேனரையும் சுத்தியலையும் வெச்சிக் கும்புட்டா சாமி சிரிக்காதா?"

"இது மேடையில வைக்கிற சாமான் இல்ல சார்," என்றார் லூர்து அண்ணன்.

"ஒரு அர மணி நேரம்யா. முதலாளி வந்து பாத்தா சந்தோஷப்படுவாரு."

"வேணாம் சார். சொன்னா கேளுங்க."

அப்போது நான் வாயை விட்டேன். "வுடுங்க சார். வேதக்காரரு. நம்ம சாமி முன்னாடி வைக்க அவருக்கு மனசு வருமா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். லூர்து அண்ணன் முகம் சுருங்கிப்போய் என்னைப் பார்த்தார். என் பூஜை மேடைக்குப் போன வருஷம் வாழைக்கன்று வெட்டி வந்து கொடுத்தவர் அவர். அதை நினைத்துத்தான் அப்படிப் பார்த்தாரோ என்னவோ. துப்பாக்கியை மடித்துத் திறந்தார். தோட்டாவை எடுத்தார். சுண்டு விரலை விட்டுப் பார்த்தார். திறந்தபடியே, முறித்துப் போட்ட கிளை மாதிரி, மேடையில் வைத்தார். சட்டைப்பைக்குப் போன கையைப் பாதியில் நிறுத்தி, "இதுவும் ஆயுதம்தான" என்று சொல்லித் தோட்டாவைத் தாம்பாளத் தட்டில் வைத்தார், குங்குமக் கிண்ணத்துக்குப் பக்கத்தில். நான் பேசிய பேச்சுக்குத்தான் அந்தத் தோட்டா பைக்குப் போகாமல் தட்டுக்கு வந்தது.

தாண்டவராயன் அதற்கு முன்பே ஐயரைக் கூப்பிடப் போயிருந்தார். மற்றவர்களும் கைகால் கழுவக் குழாய்ப் பக்கம் போயிருந்தார்கள். தோட்டா தட்டுக்குப் போனதைப் பார்த்தது நானும் முனியம்மாளும் மட்டும்தான். மேடைக்குக் கீழே முனியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து பொரியில் கடலையும் வெல்லமும் கலந்துகொண்டிருந்தாள். அவள் மணல் அச்சு செய்கிற பகுதியில் வேலை பார்ப்பவள். வாயும் கையும் சேர்ந்து ஓடும். கேட்டில் முதலாளி கார் ஹாரன் கேட்டது. கேட்டைத் திறப்பது லூர்து அண்ணன் வேலை.

"தொடாதீங்க. தோ வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

துப்பாக்கியைப் பார்த்தேன். வாய் பிளந்து கிடந்தது. உடைந்த சாமானை மேடையேற்றின மாதிரி எனக்கு உறுத்தியது. எடுத்து மூடினால் நேராகிவிடும், அவர் தினமும் செய்வதுதானே. கையில் எடுத்தேன். நினைத்ததைவிடக் கனம். மூடப் போனவன் நின்றேன். உள்ளே காலி. காலியாக எதை வைத்திருக்கிறோம், இதை வைக்க?

தட்டிலிருந்து தோட்டாவை எடுத்து உள்ளே தள்ளினேன்.

"இன்னா அண்ணாத்தே, அத்த ஏன் உள்ள போடற?" என்றாள் முனியம்மாள்.

"வெறுமையா வைக்கக் கூடாது, தெரியாதா உனுக்கு?"

"அதுவும் சரிதான்," என்றவள் பொரியைக் கிளற ஆரம்பித்தாள்.

டக்கென்று மூடிக்கொண்டது. அந்தச் சத்தம் என் உடம்பில் இறங்கிய சுகத்தை இப்போதும் மறைக்க மாட்டேன். பூஜை முறை என்று நான் சொன்னதெல்லாம் பாதிதான் நிஜம். அந்தத் துப்பாக்கியை ஒரு தடவையாவது கையில் பிடிக்க வேண்டும் என்று ஒரு வருஷமாகவே எனக்கு ஆசை.

பிறகு மாலை. துப்பாக்கியின் பின்கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். குழல் கீழே பார்த்திருந்தது, லூர்து அண்ணன் பிடிக்கிற மாதிரியே. சாமந்தி மாலை வழுக்கி வழுக்கி விழுந்தது. எங்கே மாட்டினால் நிற்கும் என்று பார்த்தேன். விசையைச் சுற்றி வளையம் மாதிரி ஓர் இடம் இருக்கிறதே, அதற்குள் மாலை நாரை நுழைத்து முடிச்சு போட்டேன். முடிச்சு இறுகட்டும் என்று இழுத்தேன்.

கொட்டகைத் தகரம் எல்லாம் அதிர்ந்தது. கட்டை என் விலாவில் உதைத்து நான் மேடைமேல் விழுந்தேன். தட்டு, கிண்ணம், எண்ணெய்க் கேன் எல்லாம் சரிந்தன. புகை. பொரி முழுக்கச் சிதறிக் கிடந்தது. முனியம்மாள் அலறவில்லை. தன் காலைப் பார்த்து, "குங்குமம் கொட்டிடுச்சு பாரு," என்றாள். அது குங்குமம் இல்லை.

லூர்து அண்ணன் ஓடி வந்தார். முதலில் துண்டை எடுத்து முனியம்மாள் காலை இறுக்கிக் கட்டினார். பிறகுதான் துப்பாக்கியை எடுத்தார். மாலையை அறுத்துவிட்டுத் திறந்தார். வெடித்த தோட்டாவின் கூடு வெளியே வந்து விழுந்தது. அதையே பார்த்தார். தரையில் தட்டைத் தேடினார்.

"நான் வெளிய எடுத்தனே," என்றார். "எடுத்தனே... எடுத்தனா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "மால போட்டுகினு இருந்தேன். தானா வெடிச்சிடுச்சு."

முனியம்மாளை முதலாளி காரிலேயே ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்ததற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பட்டாசு வெடித்தாலே ஜீப் வந்து நிற்கும். இது துப்பாக்கிச் சத்தம். அரை மணியில் போலீஸ் வந்துவிட்டது.

தாண்டவராயன் என்னை உலைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். "தபாரு கோதண்டம். லோடு பண்ணி வெச்சது அவன் தப்பு. நீ மாலதான் போட்ட. அத்தோட நிறுத்திக்க. வேற எதுனா ஒளறி வெச்சே, பூஜையில துப்பாக்கிய வைக்கச் சொன்னது யாருன்னு என் தலையில வரும். உனுக்கும் வேல போவும்."

உள்ளே போட்டது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "சரி சார்," என்றேன்.

ஏட்டு கேட்டுக் கேட்டு எழுதினார். எழுதி முடித்து, "கைநாட்டா?" என்று மைப்பெட்டியை எடுத்தார்.

"பேனா குடுங்க சார். கையெழுத்து போடுவேன்," என்றேன்.

அந்த நேரத்திலும் அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. ஏட்டுகூட நிமிர்ந்து பார்த்துவிட்டு, "படிச்சிட்டுப் போடு," என்று தாளைத் தள்ளினார். எழுத்துக் கூட்டினேன். 'லூர்துராஜ் என்பவர் அஜாக்கிரதையாகத் தோட்டா நிரப்பி வைத்திருந்த துப்பாக்கி.' அஜாக்கிரதை என்ற சொல்லில் திணறினேன். 'நிரப்பி' புரிந்தது. நன்றாகப் புரிந்தது. ஏட்டு பேனாவைத் தட்டினார். கொட்டகை வாசலில் லூர்து அண்ணன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போட்டேன். கோ, த, ண், ட, ம். டீச்சர் கைபிடித்துக் கற்றுக் கொடுத்த சுழி ஒன்றும் பிசகவில்லை.

லூர்து அண்ணனை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தினார்கள். துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனது. நான் எழுத்து வகுப்புக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். மாதா கோயில் இருக்கிற தெருவையே விட்டு, ஏரிக்கரை சுற்றி வேலைக்குப் போனேன்.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். முனியம்மாள் தனியாகப் படுத்திருந்தாள். காலில் மூட்டை மாதிரி கட்டு. நான் கொண்டுபோன பன்னை வாங்கித் தலைமாட்டில் வைத்தாள்.

"ரெண்டு வெரல எடுத்துட்டாங்க," என்றாள். "மெட்டி வெரலு இல்ல, ஓரத்துல ரெண்டு. என் வூட்டுக்காரு சொல்றாரு, மெட்டி தப்பிச்சுதுடின்னு."

சிரிக்கச் சொல்கிறாளா என்று தெரியாமல் நின்றேன்.

"முனிமா, போலீஸ் வந்து கேட்டாங்களா?"

"கேட்டாங்க. மயக்கமா கீது, ஒண்ணும் நாபகம் இல்லன்னுட்டேன். நீயா சொல்லுவேன்னு பாத்துகினு கீறேன்."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கட்டைப் பார்த்தேன். அதையும் பார்க்க முடியவில்லை.

"டீச்சரம்மா தெனம் கஞ்சி எடுத்துகினு வருது," என்றாள். "ஒரகடத்துலேர்ந்து ரெண்டு பஸ்சு மாறி. ஊட்டி வுட்டுட்டு, எம் புருஷன மன்னிச்சிரும்மான்னு அழுவுது. நான் இன்னான்னு சொல்றது? அண்ணனுக்கு இப்ப வூட்ல கதவ தாப்பா போட்டா போட்டமான்னு சந்தேகமாம். நாலு வாட்டி எந்திரிச்சிப் போயி பாக்கறாராம். ஸ்டவ்வ அணைச்சிட்டு மறுபடி போயி தொட்டுப் பாத்து கையச் சுட்டுக்கினாராம். பட்டாளத்துக்காரன் மறந்துட்டனேன்னு ஒக்காந்து கீறாராம்."

"முனிமா..."

"அதுவும் சரிதான்னு நானும்தான் சொன்னேன், இல்லன்னு சொல்லல. அதனாலதான் உன்ன திட்டாம கீறேன். திங்கக்கெழம ஸ்ரீபெரும்புதூர் தாசில்தார் ஆபீஸ்ல லைசென்சு விசாரணையாம். உன்னையும் கூப்புடுவாங்க. அன்னிக்கும் நீ வாயத் தொறக்கலன்னா, அப்புறம் இந்தக் கால இழுத்துகினு நான் போயி சொல்லுவேன். அப்ப இந்த ஊர்ல உன் மூஞ்சிய எங்க வெச்சிக்குவ?"

திங்கட்கிழமை போனேன். வழியெல்லாம் பஸ்ஸைத் திருப்பிவிட ஏதாவது நடக்காதா என்று இருந்தது.

தாசில்தார் அறையில் லூர்து அண்ணன் கைகட்டி நின்றார். கிரேசி டீச்சர் கதவோரம் நின்றார். என்னைப் பார்த்து, "இன்னா கோதண்டம், ரெண்டு வாரமா கிளாஸுக்கு வரல, ஒடம்பு சரியில்லயா?" என்றார். அந்த விசாரிப்பைத் தாங்க என்னால் முடியவில்லை.

தாசில்தார் லூர்து அண்ணனிடம் கேட்டார்: "தோட்டாவை வெளியே எடுத்தீர்களா இல்லையா? ஒன்றைச் சொல்லுங்கள்."

"எடுத்தேன்னுதான் நெனைச்சேன் சார். இப்ப தெரியல. மறந்திருக்கலாம். எடுத்திருந்தா உள்ள எப்படிப் போவும்?"

தாசில்தார் எழுதக் குனிந்தார்.

"சார், எழுதாதீங்க," என்றேன். சத்தமாக வந்துவிட்டது. "அவரு எடுத்தாரு. எடுத்துத் தட்டுல வெச்சாரு. உள்ள போட்டது நான். மூடுனது நான். விசையில நார வுட்டு இழுத்ததும் நான்."

தாசில்தார் காகிதங்களைப் புரட்டி என் வாக்குமூலத்தை எடுத்தார். "ஆனால் இதில் வேறு மாதிரி இருக்கிறதே. இது உன் கையெழுத்தா?"

"ஆமா சார்."

அவர் என் சட்டையைப் பார்த்தார், உலைச் சூடு பட்டுப் பொரிந்த கையைப் பார்த்தார். கொஞ்சம் இரக்கமாகவே கேட்டார்: "பேர் மட்டும்தான் எழுதத் தெரியுமா? அவர்கள் எழுதினதைப் படிக்கத் தெரியாமல் போட்டுவிட்டாயா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதோடு பொய்ப் பாரம் ஏட்டு தலைக்குப் போயிருக்கும். எழுத்தறியாதவன், பாவம், என்று விட்டிருப்பார்கள். நாற்பது வருஷம் அப்படித்தானே தப்பித்து வாழ்ந்தேன். ஆனால் கதவோரத்தில் என் டீச்சர் நின்றார். நான் சோப்பு உறையைப் படித்துக் காட்டியபோது கைதட்டியவர்.

"படிச்சேன் சார்," என்றேன். "எழுத்துக் கூட்டி முழுசா படிச்சேன். தப்புன்னு தெரிஞ்சிதான் போட்டேன்."

டீச்சர் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தாசில்தார் புது வாக்குமூலம் எழுத வைத்தார். லூர்து அண்ணன் அப்போதும் விடவில்லை: "தப்பு எம்மேலயும் கீது சார். துப்பாக்கியையும் தோட்டாவையும் ஒரே எடத்துல வுட்டுட்டுப் போனேன். யாரு இன்னா சொன்னாலும் அத்த மேடையில வெச்சிருக்கக் கூடாது. அதையும் எழுதிக்குங்க." எழுதிக்கொண்டார்கள். பின்னால் அவர் லைசென்ஸைப் பிடுங்கவில்லை, ஆனால் துப்பாக்கியைத் திருப்பித் தர ஏழெட்டு மாதம் ஆக்கினார்கள். கம்பெனி அவரைத் திரும்ப எடுக்கவில்லை. வாலாஜாபாத் பக்கம் ஓர் அரிசி மில்லில் சேர்ந்தார். என்னையும் நிறுத்தினார்கள். கோர்ட்டிலும் நின்றேன். முனியம்மாள் தை மாதம் வேலைக்குத் திரும்பினாள், ஒரு பக்கமாகச் சாய்ந்த நடையோடு.

அன்றைக்கு ஆபீஸை விட்டு வெளியே வந்தால், மூன்று பேருக்கும் ஒரே பஸ். ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் போகிறது. வேறு வண்டி இல்லை. நான் புளியமரத்துக்குப் பின்னால் தள்ளி நின்றேன். லூர்து அண்ணன் தானாக என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"தட்டுலதான் வெச்சனா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

"எந்தப் பக்கம்?"

"குங்குமக் கிண்ணத்துக்குப் பக்கத்துல."

கண்ணை மூடினார். சுண்டு விரல் மட்டும் லேசாக அசைந்தது, குழலுக்குள் விட்டுப் பார்க்கிற மாதிரி.

"ஆமா. அங்கதான் வெச்சேன்," என்றார். பெரிதாக ஒரு மூச்சு விட்டார். பிறகு கண்ணைத் திறந்து, "உள்ள போட்டதக்கூட வுடு. போட்டேன்னு எனக்கு ஒரு கொரல் குடுத்திருந்தா? நான் நின்ன கேட் எவ்ளோ தூரம்? இருபது அடி," என்றார்.



பஸ் வந்தது. டீச்சர் பெண்கள் பக்கம் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பின்வரிசையில் இடம் கிடைத்தது. என் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார இடம் காலியாக இருந்தது. நான் ஜன்னலோரம் ஒடுங்கி, வேட்டியை இழுத்துக்கொண்டு, இடத்தை இன்னும் பெரிதாக்கினேன். லூர்து அண்ணன் அதைப் பார்த்தார். கம்பியைப் பிடித்தபடி, ஒரகடம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.